கைநாட்டுக்கு முந்தைய கையொப்பம்

2020 ஆகஸ்டு 10 அன்று சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் இடையிலான கடலடிக் கண்ணாடியிழை வடம் பயன்பாட்டுக்கு வந்தது. நீளம் சுமார் 2,300 கி.மீ.; செலவு ஏறத்தாழ 1,224 கோடி ரூபாய். இன்று ஸ்ரீ விஜய புரம் எனப் பெயர் மாற்றப்பட்டுள்ள போர்ட் பிளேருடன் சுவராஜ் தீவு, லாங் தீவு, ரங்கத், லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் ஆகிய ஏழு இடங்களையும் அது இணைத்தது. அதுவரை முழுக்கவும் செயற்கைக்கோளை நம்பியிருந்த தீவுக்கூட்டத்துக்கு இது பெரும் மாற்றம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த நாளோடு அந்தமானின் டிஜிட்டல் இடைவெளி அடைபட்டுவிட்டது என்று கருதுவோர் ஒன்றைக் காணத் தவறுகிறார்கள். வடம் முடியும் இடத்தில் ஒரு கணினி இருக்கிறது. அதன் யுஎஸ்பி துளையில் ஒரு கருவி செருகப்படுகிறது. அந்தக் கருவியைக் கணினி ஏற்குமா மறுக்குமா என்பதை வடம் முடிவு செய்வதில்லை. கருவியின் இயக்கி நிரல் மீது, அதாவது மக்கள் வழக்கில் 'டிரைவர்' எனப்படும் மென்பொருள் மீது, எங்கோ ஒருவர் இட்ட டிஜிட்டல் கையொப்பமே அதை முடிவு செய்கிறது.

இதைப் பொறியாளர்களின் உள்விவகாரம் என்று ஒதுக்கிவிடும் வழக்கம் கல்வியுலகில் உண்டு. சமூக அறிவியலார் 'அணுகல்' பற்றிப் பேசுகையில் வேகத்தையும் கட்டணத்தையும் கணக்கிடுகிறார்கள். கணினி அறிவியலார் 'பாதுகாப்பு' பற்றிப் பேசுகையில் தீவில் இருப்பவரைக் கணக்கிலேயே கொள்வதில்லை. இவ்விரு மௌனங்களுக்கும் இடையில், குடிமக்களின் அன்றாட உரிமைகளைத் தொடும் ஓர் அதிகாரம் கேள்வியின்றி வளர்ந்திருக்கிறது.

அந்த அதிகாரம் தொடும் இடங்கள் எவை? ஓய்வூதியம் பெறுவோர் உயிருடன் இருப்பதைக் கைரேகையால் சான்றளிக்கும் 'ஜீவன் பிரமான்' திட்டம் 2014 நவம்பரில் தொடங்கப்பட்டது. அதற்கான கைரேகைக் கருவி பெரும்பாலும் யுஎஸ்பி வழியே கணினியுடனோ கைப்பேசியுடனோ இணைவது. வங்கிக் கிளை இல்லாத ஊரில் ஆதார் வழிப் பணம் எடுப்பதற்கும் அத்தகைய கருவியே வேண்டும். அரசு ஒப்பந்தப்புள்ளிகளில் பங்கேற்கும் சிறு ஒப்பந்ததாரர், நிறுவன அறிக்கை தாக்கல் செய்யும் கணக்காளர் ஆகியோருக்கு, 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி வழங்கப்படும் டிஜிட்டல் கையொப்பச் சான்றிதழ் தேவை. அச்சான்றிதழின் மறைதிறவுகோல் யுஎஸ்பி டோக்கன் ஒன்றினுள் இருக்கிறது. ஆக, முதியவரின் ஓய்வூதியம், தொழிலாளியின் கூலி, ஒப்பந்ததாரரின் வாய்ப்பு ஆகிய மூன்றும் ஒரு யுஎஸ்பி துளையைக் கடந்தே செல்கின்றன.

தமிழில் 'கைநாட்டு' என்பது நெடுங்காலம் இழிசொல்லாகவே வழங்கியது. எழுதத் தெரியாதவரை அச்சொல்லால் சுட்டினார்கள். இன்று பேராசிரியரும் கைநாட்டு வைக்கிறார், மாலுமியும் வைக்கிறார். ஆனால் அந்தக் கைநாட்டு செல்லுபடியாக, அதற்கு முன்பே இன்னொரு கையொப்பம் நிறைவேறியிருக்க வேண்டும். அது குடிமகனுடையதன்று, அரசினுடையதும் அன்று. அதை விளங்கிக்கொள்ள, கருவி செருகப்படும் கணத்தில் நிகழ்வதைப் பார்க்க வேண்டும்.

யுஎஸ்பி கருவி ஒவ்வொன்றும் செருகப்பட்டவுடன் கணினியிடம் தன்னை அறிமுகம் செய்துகொள்கிறது. தன்னை உருவாக்கிய நிறுவனத்தின் எண், தன் வகை மாதிரியின் எண், தான் எந்த வகுப்பைச் சேர்ந்தது என்ற குறி ஆகியவற்றை அது சொல்கிறது. விசைப்பலகை, நினைவகம், ஒலிக்கருவி போன்ற பொதுவகுப்பைச் சேர்ந்ததாயின், இயங்குதளத்தில் ஏற்கெனவே உள்ள பொது இயக்கியே போதும். இல்லையேல், நிறுவனம் தந்த தனி இயக்கி தேவை. விண்டோஸில் அத்தகைய இயக்கித் தொகுப்பில் மூன்று உறுப்புகள் முக்கியமானவை: இயங்கும் நிரல், அந்நிரல் எந்தக் கருவிக்கு உரியது என்று எழுத்தில் கூறும் ஐஎன்எஃப் கோப்பு, இவற்றின் கணிதச் சுருக்கங்களைத் தாங்கிய அட்டவணைக் கோப்பு. கையொப்பம் அந்த அட்டவணையின் மீது இடப்படுகிறது. ஐஎன்எஃப் கோப்பில் ஓர் எழுத்தை மாற்றினாலும் சுருக்கம் பொருந்தாது, கையொப்பம் செல்லாததாகிவிடும். சாதன மேலாளரில் மஞ்சள் முக்கோணமும் பிழை எண் 52-உம் தோன்றும்.

இந்தக் கட்டுப்பாடு காரணமின்றி வந்ததன்று. சில இயக்கிகள் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள் நுழைந்து வேலை செய்பவை. அங்கே நுழைந்த தீநிரல் எதையும் மறைக்கலாம், எதையும் மாற்றலாம். எனவே 64-பிட் விண்டோஸ் விஸ்டா முதல், கெர்னலில் இயங்கும் இயக்கிக்குக் கையொப்பம் கட்டாயமாயிற்று. 2016-இல் வெளிவந்த விண்டோஸ் 10-இன் 1607 பதிப்பிலிருந்து இன்னொரு படி கூடியது. புதிதாக நிறுவப்பட்ட கணினிகளில், மைக்ரோசாஃப்ட் தன் தளத்தின் வழியே கையொப்பமிட்ட புதிய கெர்னல் இயக்கிகளே ஏற்கப்படும் என்றானது. பழைய இயக்கிகளுக்குச் சில விலக்குகள் உண்டு. ஆயினும் திசை தெளிவு: முன்பு பல சான்றளிப்பு நிறுவனங்களின் ஒப்பம் போதுமாயிருந்தது, இப்போது இறுதி ஒப்பம் ஒரே நிறுவனத்தின் கையில்.

இக்கட்டுப்பாடு தன் நோக்கத்தை எவ்வளவு நிறைவேற்றியது? 2010-இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட், யுஎஸ்பி நினைவகம் வழியே பரவியது. அதன் இயக்கிகள் முறையாகக் கையொப்பமிடப்பட்டிருந்தன. ரியல்டெக், ஜேமைக்ரான் ஆகிய தைவான் நிறுவனங்களின் திருடப்பட்ட திறவுகோல்களால். 2014 அக்டோபரில் எஃப்டிடிஐ நிறுவனத்தின் புதிய இயக்கி விண்டோஸ் அப்டேட் வழியாகவே உலகெங்கும் சென்றது. அது முறையான கையொப்பம் பெற்றது. தன் சில்லுகளின் போலிகளைக் கண்டால் அவற்றின் அடையாள எண்ணைச் சுழியாக்கிச் செயலிழக்கச் செய்தது. தம் கருவிக்குள் இருப்பது போலிச் சில்லு என்பதே அறியாத நுகர்வோர் தண்டிக்கப்பட்டனர். 2021 ஜூனில் 'நெட்ஃபில்டர்' என்ற தீநிரல் இயக்கிக்கு மைக்ரோசாஃப்டே கையொப்பமிட்டிருந்தது தெரியவந்தது. கையொப்பம் ஒரு நிரல் யாரிடமிருந்து வந்தது என்பதையும் வழியில் மாற்றப்படவில்லை என்பதையும் மட்டுமே கூறும். அது நல்லதா, அதைப் பெறுபவருக்கு உரியதா என்பதைக் கூறாது. அதற்காகக் கையொப்பமே வேண்டாம் என்று முடிவு செய்வது அறிவீனம். பூட்டு உடைபடக்கூடும் என்பதற்காக எவரும் கதவைக் கழற்றி வைப்பதில்லை. ஆனால் பூட்டின் சாவியை யார் வைத்திருக்கிறார், சாவி எட்டாதவர் என்ன செய்கிறார் என்ற கேள்விகளைப் பூட்டின் பயன் ஒன்றைக் காட்டித் தள்ளிவிட முடியாது.

இவ்விடத்தில்தான் அந்தமானின் காலக்கணக்கைப் பார்க்க வேண்டும். விண்டோஸ் 7 வெளிவந்தது 2009 அக்டோபர். அதற்கான பொது ஆதரவு முடிந்தது 2020 ஜனவரி 14. கடலடி வடம் வந்தது அதற்கு ஏறத்தாழ ஏழு மாதங்களுக்குப் பின். அதாவது, இந்திய அலுவலகங்களில் மிகப் பரவலாக இருந்த ஓர் இயங்குதளத்தின் ஆதரவுக் காலம் முழுமையும் தீவுகளில் செயற்கைக்கோள் இணைப்பிலேயே கழிந்தது. அந்தக் காலத்தில்தான் கையொப்பத்தின் கணித முறையும் மாறியது. பழைய எஸ்ஹெச்ஏ-1 கைவிடப்பட்டு எஸ்ஹெச்ஏ-2 வந்தது. புதிய முறையில் ஒப்பமிட்ட இயக்கியைப் புரிந்துகொள்ள விண்டோஸ் 7-க்குத் தனியே ஒரு புதுப்பிப்புத் தேவைப்பட்டது. அது 2015-இல் வெளியானது. அப்புதுப்பிப்பு எட்டாத கணினிக்கு, முறையாகக் கையொப்பமிட்ட புதிய இயக்கியும் கையொப்பமற்றதாகவே தோன்றும். கருவி பழுதன்று, இயக்கி போலியன்று, பயனர் தவறு செய்யவில்லை. ஆயினும் கதவு திறக்காது.

கையொப்பத்தைச் சரிபார்ப்பதற்கு இணையம் தேவையில்லையே என்று பொறியாளர் மறுக்கலாம். அந்த மறுப்பு சரியானதே; ஆனால் பாதி உண்மை. சரிபார்ப்பு கணினிக்குள்ளேயே நிகழ்கிறது. சரிபார்ப்பதற்கு வேண்டியவை வெளியிலிருந்து வருகின்றன. இயக்கித் தொகுப்பு வர வேண்டும். கையொப்பச் சங்கிலியின் தலையில் உள்ள மூலச் சான்றிதழ் கணினியில் இல்லையேல், விண்டோஸ் அதை இணையத்திலிருந்தே எடுத்துக்கொள்ள முயலும். ஆதார் ஆணையம் 2017-இல் கட்டாயமாக்கிய 'பதிவுபெற்ற கருவி' முறையில், ஒவ்வொரு கைரேகைப் பதிவும் கருவிக்குரிய திறவுகோலால் கையொப்பமிடப்படுகிறது. அத்திறவுகோல் நிறுவனத்தின் வழங்கியுடன் தொடர்புகொண்டு அவ்வப்போது புதுப்பிக்கப்பட வேண்டும். இணையம் எந்நேரமும் இருக்கும் என்ற முன்முடிவு இந்த ஏற்பாட்டின் ஒவ்வொரு கண்ணியிலும் பொதிந்திருக்கிறது. பெங்களூரில் அது முன்முடிவு என்பதே தெரிவதில்லை. காட்சல் தீவில் தெரியும்.

காட்சல் ஏன் இங்குக் குறிப்பிடப்படுகிறது என்றால், 1964-ஆம் ஆண்டு சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தின் விளைவாக இலங்கையிலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் சில அங்குள்ள ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டன. கடலடி வடம் இறங்கிய இடங்களின் பட்டியலில் அண்டைத் தீவான கமோர்ட்டா உண்டு, காட்சல் இல்லை. முப்பதுக்கு மேற்பட்ட தீவுகளில் மக்கள் வாழும் ஒன்றியப் பகுதியில், எட்டு இடங்களில் வடம் இறங்கியதை முழு இணைப்பு என்று கொள்வது வரைபடத்தைத் தூரத்திலிருந்து பார்க்கும் பழக்கத்தின் விளைவு.

கதவு திறக்காதபோது மனிதர்கள் என்ன செய்கிறார்கள் என்பதே இவ்விவாதத்தின் மையம். இணையத்தில் எந்த மூலையில் தேடினாலும் ஒரே மருந்து கிடைக்கும்: விண்டோஸின் தொடக்க அமைப்புகளுக்குச் சென்று ஏழாம் எண்ணை அழுத்தி, இயக்கிக் கையொப்பச் சோதனையை நிறுத்துக. கணினியை மறுபடி இயக்கினால் இத்தளர்வு நீங்கிவிடும். கருவி மீண்டும் முரண்டுபிடிக்கும். எனவே அடுத்த மருந்து: கணினியை நிரந்தரமாகச் 'சோதனை நிலை'யில் வைத்துவிடுக. அதற்குப் பாதுகாப்பான தொடக்கம் என்னும் காப்பையும் முன்கூட்டியே அணைக்க வேண்டும். திரையின் மூலையில் சோதனை நிலை என்ற எழுத்துகள் தங்கிவிடும். எவரும் அவற்றைப் பொருட்படுத்துவதில்லை. இயக்கித் தொகுப்போ, நிறுவனத்தின் தளத்திலிருந்து வராமல், யாரோ ஒருவரின் பென்டிரைவில் கப்பலேறி வருகிறது. அல்லது வாட்ஸ்அப் குழுவில் சுருக்கக் கோப்பாக வருகிறது.

இதன் பொருளை எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு தீவிலுள்ள சேவை மையக் கணினியில் நூற்றுக்கணக்கானோரின் கைரேகை கடந்து செல்கிறது. அக்கணினியில்தான் கெர்னலின் காவல் அகற்றப்பட்டிருக்கும். கடுமையான விதி, அதை நிறைவேற்றும் வசதியின்றித் தரப்பட்டபோது, விதியே இல்லாத நிலையைவிடக் கீழான நிலையை உண்டாக்கியது. சென்னையில் இருப்பவருக்குக் கையொப்பம் காவலாகிறது. காம்ப்பெல் பேயில் இருப்பவருக்கு அதுவே காவலைக் கழற்றும்படி தூண்டுகிறது. இதைப் பயனரின் அறியாமை என்று எழுதும் பாதுகாப்பு அறிக்கைகள் பழியை இடம் மாற்றி வைக்கின்றன. பிற்பகலில் கப்பலேற வேண்டிய முதியவர் வரிசையில் நிற்கும்போது ஏழாம் எண்ணை அழுத்தும் பணியாளர், கணினியைப் பற்றி அறியாதவர் அல்லர். தம் முன் நிற்பவரின் தேவையை அறிந்தவர்.

மொழியியல் இங்கே ஒரு சொல் சொல்லியாக வேண்டும். இம்மறுப்புச் செய்திகளில் இடம்பெறும் தொடர்களைக் கவனிக்கலாம்: வெளியீட்டாளரைச் சரிபார்க்க இயலவில்லை, அறியப்படாத வெளியீட்டாளர், நம்பகமான சான்றிதழ் அன்று. 'நம்பு' என்பது தமிழில் நம்புபவரையும் நம்பப்படுவதையும் வேண்டும் வினை. 'நம்பகமான' என்று பெயரடையாக்கிய மறுகணம் நம்புபவர் வாக்கியத்திலிருந்து மறைந்துவிடுகிறார். 'அறியப்படாத' என்ற செயப்பாட்டு வடிவிலும் அறியாதவர் யார் என்பது விடுபடுகிறது. யாருக்கு நம்பகமானது, யாரால் அறியப்படாதது என்று நிரப்பிப் பார்த்தால், ஒரு வணிக நிறுவனத்தின் பட்டியல் அங்கே எழுவாயாக நிற்பது தெரியும். அச்செய்தி ஓர் இயற்கை உண்மையைப் போல ஒலிப்பதற்கு இந்த எழுவாய் மறைவே காரணம்.

அச்செய்தி எந்த மொழியில் வருகிறது என்பது அடுத்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இத்தீவுகளில் 3,80,581 பேர் வாழ்ந்தனர். தாய்மொழி அடிப்படையில் வங்காள மொழியினர் முதலிடம், அடுத்து இந்தி, சுமார் 15 விழுக்காட்டினர் தமிழர், தெலுங்கு, நிக்கோபாரி, மலையாளம் பேசுவோரும் கணிசமானோர். இவ்வளவு மொழிகள் புழங்கும் இடத்தில், ஒரு குடிமகனின் ஓய்வூதியத்தை நிறுத்தி வைக்கும் செய்தி பெரும்பாலும் ஆங்கிலத்திலும், அதிலும் ஒரு பிழை எண்ணாகவும் வருகிறது. மறுப்பதற்கான காரணத்தை மறுக்கப்பட்டவரின் மொழியில் கூறுவது நிர்வாக நெறியின் அரிச்சுவடி. எந்த அலுவலராவது ஒரு விண்ணப்பத்தின் மீது 52 என்று மட்டும் எழுதித் திருப்பி அனுப்பினால் அதை எவரும் ஏற்கமாட்டார். இயந்திரம் எழுதினால் மட்டும் ஏற்பது ஏன்?

தீர்வு இல்லாத சிக்கலாயின் புலம்பலோடு நிறுத்திக்கொள்ளலாம். இதற்குத் தீர்வு உண்டு. அது யுஎஸ்பி தரத்துக்குள்ளேயே இருக்கிறது என்பதுதான் இவ்விவகாரத்தில் பொறுக்க இயலாத பகுதி. முன்னர்ச் சொன்ன பொதுவகுப்புகளே அத்தீர்வு. ஒலிக்கு ஒரு வகுப்பு, படக்கருவிக்கு ஒன்று, நினைவகத்துக்கு ஒன்று, அறிவட்டைகளுக்கு 'சிசிஐடி' என்று ஒன்று. இவ்வகுப்பின் விதிப்படி நடந்துகொள்ளும் கருவி, எந்த நிறுவனம் செய்ததாயினும், இயங்குதளத்தோடு வந்த பொது இயக்கியிலேயே இயங்கும். அந்தப் பொது இயக்கி முன்பே கையொப்பம் பெற்றது. பதிவிறக்கமும் தேவையில்லை; ஏழாம் எண்ணும் தேவையில்லை.

களப்பணி செய்யும் ஆய்வாளருக்கு இந்த வேறுபாடு அனுபவத்தில் தெரியும். இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் மொழி ஆவணப்படுத்தலில் பலர் மினிடிஸ்க் பதிவுக்கருவியைப் பயன்படுத்தினர். அதன் யுஎஸ்பி வகை, நிறுவனத்தின் தனி மென்பொருளையும் தனி இயக்கியையும் சார்ந்திருந்தது; நிறுவனம் விலகியபின் தன்னார்வலர் எழுதிய நிரல்களே அக்கருவிகளுக்குத் துணை. அதே காலத்தில் தன்னைச் சாதாரண நினைவகமாக அறிமுகம் செய்துகொண்ட பதிவுக்கருவி, இன்றைய எந்தக் கணினியிலும் திறக்கிறது. 2010 ஜனவரியில் போவா மூதாட்டி மறைந்தபோது கிரேட் அந்தமானிய மொழிகளில் ஒன்றான 'போ'வின் கடைசிப் பேச்சாளர் மறைந்தார். இனி அம்மொழி ஒலிப்பதிவுகளிலேயே வாழ வேண்டும். அத்தகைய பதிவுகளைத் தாங்கும் கருவி எந்த வகுப்பைச் சேர்ந்தது என்பது, ஆய்வுத் திட்டத்தின் கொள்முதல் பட்டியலில் கடைசி வரியாக இருக்க வேண்டிய செய்தியன்று.

டிஜிட்டல் கையொப்ப டோக்கன்களுக்கும் இது பொருந்தும். இந்தியச் சந்தையில் பரவலாக வழங்கும் ஈபாஸ் 2003 டோக்கனை 'ஓப்பன்எஸ்சி' என்னும் திறமூல மென்பொருள் ஆதரிக்கிறது. சில டோக்கன்கள் தம் நிறுவல் தொகுப்பைத் தமக்குள்ளேயே வைத்துக்கொண்டு, செருகியவுடன் ஒரு குறுவட்டுப் போலக் காட்டுகின்றன. ஆகவே, தனியுரிமை இயக்கியின்றி இயங்குவதும், இணையமின்றி நிறுவுவதும் செய்யக்கூடியவையே. செய்யும்படி கேட்கப்படவில்லை என்பதே குறை.

கைரேகைக் கருவிக்கு யுஎஸ்பி தரத்தில் தனி வகுப்பு இல்லையே என்ற மறுப்பு எழும். உண்மை. ஆனால் ஆதார் ஆணையம் தான் நினைத்தால் தரம் வகுக்க முடியும் என்பதைக் காட்டியிருக்கிறது. எந்த நிறுவனத்தின் கருவியாயினும், கணினியிலுள்ள செயலி அதனிடம் கைரேகை கேட்கும் முறை ஒன்றே. 11100 முதல் 11120 வரையிலான முனைகளில் தேட வேண்டும் என்பதுவரை ஆணையம் வகுத்துள்ளது. மேற்பகுதி இவ்வளவு நுட்பமாகத் தரப்படுத்தப்பட்டுவிட்டது. அதே கருவியின் அடிப்பகுதி, அதாவது இயங்குதளத்தோடு அது பேசும் பகுதி, ஒவ்வொரு நிறுவனத்தின் விருப்பத்துக்கும் விடப்பட்டது. தரவு தன்னிடம் ஒழுங்காக வந்து சேர்வதை அரசு உறுதி செய்துகொண்டது. குடிமகன் கருவியைச் சென்றடைவதை உறுதி செய்யவில்லை.

கைப்பேசியில் முகத்தைக் காட்டினால் போதுமே, யுஎஸ்பி கருவி எதற்கு என்ற மறுப்பும் இப்போது கேட்கிறது. ஜீவன் பிரமானில் 2021 முதல் முகவழிச் சான்றளிப்பு உண்டு. அது பலருக்கு உதவியிருக்கிறது, வரவேற்கத்தக்கது. ஆனால் அது கேள்வியை மாற்றவில்லை. கைப்பேசியும் தொலைவிலுள்ள நிறுவனத்தின் கையொப்பச் சங்கிலியில்தான் நிற்கிறது. சான்றளிக்க இணையமும் வேண்டும். லினக்ஸுக்கு மாறினால் தீரும் என்போருக்கும் இதுவே விடை. லினக்ஸ் கெர்னலில் பெரும்பாலான யுஎஸ்பி இயக்கிகள் உடன் வருவது பெரும் விடுதலை. ஆயினும் பாதுகாப்பான தொடக்கம் உள்ள கணினிகளில், பெரும்பாலான லினக்ஸ் வெளியீடுகளின் முதற்படி நிரலும் மைக்ரோசாஃப்டின் கையொப்பத்தைப் பெற்றே வருகிறது. அதற்கு அடிப்படையான 2011-ஆம் ஆண்டுச் சான்றிதழ்களின் காலம் 2026 ஜூன் முதல் முடியத் தொடங்குகிறது. புதியவை கணினிகளுக்குப் புதுப்பிப்பாகச் சென்று சேர வேண்டும். இணைப்புக் குறைந்த இடங்களுக்கு அவை எப்போது, எவ்வழியில் சேரும் என்று கேட்பதற்கு எந்த மன்றம் இருக்கிறது?

இந்திய அரசு 2010-இல் மின்னாளுகைக்கான திறந்த தரக் கொள்கையை வெளியிட்டது. 2015-இல் திறமூல மென்பொருள் ஏற்புக் கொள்கையை வெளியிட்டது. கொள்கை இல்லாமையால் வந்த குறையன்று இது. அக்கொள்கைகள் கொள்முதல் ஒப்பந்தத்தின் வரிகளாக இறங்கி வர வேண்டும். கேட்க வேண்டியவை ஐந்தே.

முதலாவது, பொதுவகுப்பு உள்ள இடங்களில் அவ்வகுப்பைப் பின்பற்றும் யுஎஸ்பி கருவிகளையே அரசும் பல்கலைக்கழகங்களும் வாங்க வேண்டும். வகுப்பு இல்லாத கைரேகைக் கருவிக்கு ஆணையமே ஒரு பொது இடைமுகம் வகுக்க வேண்டும்.

இரண்டாவது, தனி இயக்கி தவிர்க்க முடியாததாயின், அது முழுமையாகக் கையொப்பமிடப்பட்டு, காலமுத்திரை பெற்று, தேவையான மூலச் சான்றிதழ்களுடன் இணையமின்றி நிறுவக்கூடிய தொகுப்பாகக் கருவியோடு வர வேண்டும். காலமுத்திரை இருந்தால், ஒப்பமிட்டவரின் சான்றிதழ்க் காலம் முடிந்தபின்னும் ஒப்பம் நிலைக்கும். இல்லையேல் சான்றிதழோடு இயக்கியும் காலாவதியாகும்.

மூன்றாவது, அத்தொகுப்புகள் அனைத்தும் தீவுகளுக்குள்ளேயே ஒரு பொது வழங்கியில், சரிபார்ப்புச் சுருக்க எண்களுடன் வைக்கப்பட வேண்டும். தேசியத் தகவலியல் மையத்துக்கு அங்கே கிளை உண்டு. புதிய நிறுவனம் தேவையில்லை. பென்டிரைவில் கப்பலேறி வரும் தொகுப்பையும் அந்த எண்களோடு ஒப்பிட்டு உண்மையானதா என்று அறியலாம்.

நான்காவது, இயக்கியை எத்தனை ஆண்டுகள் பராமரிப்பது என்பது ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும். நிறுவனம் விலகினால் மூல நிரல் அரசிடம் வர வேண்டும்.

ஐந்தாவது, மறுப்புச் செய்தி, காரணத்துடனும் அடுத்து என்ன செய்வது என்ற குறிப்புடனும் தமிழிலும் வங்காளத்திலும் நிக்கோபாரியிலும் வர வேண்டும்.

இவற்றில் எதுவும் கையொப்பத்தைத் தளர்த்தும்படி கேட்கவில்லை. ஐந்தும் அதைக் காப்பவை. இவற்றைச் செய்யாமல் பாதுகாப்பு என்று பேசுவோர், தம் விதிகள் தீவுகளில் எந்நாளும் மீறப்படுகின்றன என்பதை அறிந்தே பேசுகிறார்கள் என்று கொள்ள வேண்டியிருக்கும்.

1,224 கோடி ரூபாய்ச் செலவில் கடலுக்கடியில் வடம் இட முடிந்த அரசுக்கு, ஒரு கொள்முதல் ஒப்பந்தத்தில் ஐந்து வரிகள் சேர்ப்பது அரிதான செயலன்று. அவ்வரிகளைக் கேட்கும் பொறுப்பு கணினித் துறைக்கு மட்டும் உரியதும் அன்று. அணுகலை ஆராயும் சமூக அறிவியலுக்கும், மறுப்பின் மொழியைப் படிக்கத் தெரிந்த மொழியியலுக்கும் அதில் பங்கு உண்டு. விரலை நீட்டிக்கொண்டு காத்திருக்கும் முதியவருக்கு அவர்கள் இதுவரை கடன்பட்டே இருக்கிறார்கள்.